புதிதாக வந்தவருக்குப் பதினான்கு நாள்

மீனுக்குச் சூடு ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். முப்பது பாகை வரை ஆகும், இஸ்ஸதீன் சேர். மெதுவாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். காளியப்பனின் வழக்கறிஞரான நீங்கள் புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து வெள்ளவத்தை வரை வந்து, பொலிஸ் படிவத்தில் அவர் பெயர் ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். ஒழுங்காகச் சொல்கிறேன்.

டோரின் அன்ரி மகளைப் பார்க்க மெல்பேர்ன் போகும்போது இந்த பிளாட்டையும் ஏழு ஏஞ்சல் மீன்களையும் என்னிடம் ஒப்படைத்தார். "தம்பி, மீன் எல்லாம் செத்தால் நீர் வேற றூம் பார்க்கவேணும்" என்றார். யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு இந்த நாட்களில் கொழும்பில் யார் அறை தருவார்கள்? மற்ற அறையில் காளியப்பன். அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, காலி வீதிப் புடவைக் கடையில் வேலை. நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை.

ஒரு நாள் பொலித்தீன் பையில் சிவப்பு மீனொன்றுடன் வந்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தொட்டியில் விட்டுவிட்டார். புதிய மீனைப் பதினான்கு நாள் தனியே வைத்துப் பார்த்த பிறகே பழையவற்றோடு சேர்க்க வேண்டும். ஐந்தாம் நாள் ஏஞ்சல்களின் செட்டைகளில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள். ஒட்டுண்ணி. சிவப்பு மீனுக்கு ஒரு புள்ளியும் இல்லை.

"அம்மை போட்டிருக்குண்ணே" என்று காளியப்பன் தொட்டிக்குள் வேப்பிலைக் கொத்து ஒன்றைப் போட்டார்.

"அது அம்மையில்லை. கையை எடும்."

"மெதுவா பேசுங்கண்ணே, ஆத்தாவுக்குக் கேட்டிறப் போவுது."

நான் வடிகட்டியிலிருந்த கரியை எடுத்தேன். கரி மருந்தை உறிஞ்சிவிடும். சூட்டை நாளுக்கு ஒரு பாகையாகக் கூட்டினேன். மருந்தை அளந்து விட்டேன். உடம்பில் ஒட்டியிருக்கும்போது அந்தப் பூச்சி சாகாது. உதிர்ந்து நீந்தும்போதுதான் மருந்து பிடிக்கும். பொறுமை வேண்டும். காளியப்பனிடம் பொறுமை இல்லை, இரக்கம்தான் இருந்தது. "வாயில்லாச் சீவனை வேக வைக்கிறீங்களேண்ணே" என்று, நான் கம்பஸுக்குப் போன நேரம் ஹீற்றரைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். இரண்டு ஏஞ்சல்கள் செத்தன. நான் கோபப்படவில்லை.

அது குண்டு வெடித்த வாரம். வீட்டில் இருப்போர் விபரத்தைப் பொலிசுக்குப் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதில் பெயரில்லாதவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அன்ரி இல்லாததால் நான்தான் நிரப்பினேன். என் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் பேனையை வைத்து யோசித்தேன். தொட்டிப் பக்கம் யாரும் வராத பதினான்கு நாள் எனக்குத் தேவை. வரியை வெறுமையாக விட்டேன்.

சோதனைக்கு வந்த சார்ஜன்ட் படிவத்தையும் காளியப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். "மெயா கவுத?" என்று, இவர் யாரென்று, என்னிடம் கேட்டார். புதிதாக வந்தவர் என்றேன். பொய்யல்ல, என்னைவிட ஒரு மாதம் பிந்தித்தான் வந்தார். ஜீப்பில் ஏறும்போது காளியப்பன் திரும்பி, "சூட்டக் கொறைங்கண்ணே" என்றார்.

அவர் போய் இன்று பதினோராம் நாள். மிச்சம் ஐந்தும் சுகம். அவர் இங்கே இருப்பவர்தான் என்று நீங்கள் எழுதிக் கொண்டுவந்த கடதாசியில் நான் கையொப்பமிட்டால் நாளைக்கே அவரை விட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். கட்டாயம் இடுவேன். ஆனால் புள்ளி மறைந்த பிறகும் மூன்று நாள் மருந்து ஓட வேண்டும். மறைந்தது இன்று காலைதான். வெள்ளிக்கிழமை வாருங்கள். அவரை வெளியே எடுத்தாலும் நேரே இங்கே கூட்டி வர வேண்டாம். உள்ளே எந்தெந்தப் புது ஆட்களோடு இருந்தாரோ. தெமட்டகொடையில் அவருக்கு ஒரு மாமா இருக்கிறார். அங்கே ஒரு பதினான்கு நாள் இருக்கட்டும்.

பொலிஸ் கூட்டுக்குள்ளிருந்து உங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "மீனு பொழைச்சிச்சா சார்?" என்பதாம். பார்த்தீர்களா? ஆகவே இந்த வைத்தியத்தை நான் தனியாகச் செய்தேன் என்று எழுத வேண்டாம், சேர். இரண்டு பேரும் சேர்ந்தே செய்தோம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.