கொடைக்கானல் பஸ்ஸில் ஒரு அப்பா

அறுபதுகளில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ் ஊர்ந்துதான் மலை ஏறும். யார் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும். ஒருநாள் என் முன் சீட்டில் ஒரு கல்லூரி விடுதியின் வார்டனும், வீட்டுக்குத் திரும்பும் மாணவி ஒருத்தியும் இருந்தார்கள்.

"இப்ப நான்தான் உங்கப்பா. சொல்லு" என்றார் வார்டன் அம்மாள்.

"போங்க மிஸ், சிரிப்பு வருது."

"சிரிச்சுக்கிட்டே சொல்லு."

"அப்பா... நான் பரீட்சை எழுதலை."

"அடி கழுதை! காலை ஒடிச்சிருவேன்!"

"எங்கப்பா திட்டவே மாட்டாருங்க மிஸ். ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வெளிய போயிருவாரு. அதுதான் பயமாருக்கு."

வார்டன் அந்த அப்பாவாகவே எழுந்து, கம்பியைப் பிடித்தபடி வாசல் பக்கம் நடந்தார்.

"வளைவு வருது, உக்காருங்கம்மா!" என்று கண்டக்டர் கத்தினார்.

மாணவியும் எழுந்து பின்னாலேயே போனாள்.

"போகாதீங்கப்பா. கேள்வித்தாளைப் பாத்ததும் பயந்துட்டேன். பேனாவே பிடிக்க முடியலப்பா."

"இங்க யாரும்மா அப்பா?" என்றார் கண்டக்டர்.

"சும்மா இருங்கய்யா, பிள்ளை சொல்லட்டும்" என்றார் பூண்டு மூட்டையோடு வந்த ஒருவர்.

கொடைக்கானலில் கம்பளிக் குல்லாய் போட்ட அவளுடைய அப்பா காத்திருந்தார்.

"நீங்களும் வாங்க மிஸ்."

"நான் எதுக்கு? ஒரு வீட்டுக்கு ஒரு அப்பா போதும். இங்கயேதான் இருக்கேன், போ."

அப்பா மகளின் தகரப்பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"நில்லுங்கப்பா. ஒண்ணு சொல்லணும்."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.