கால் சுற்று

ஓடுவதற்கு ஷூ வாங்குவதென்றால் சாயங்காலம் போய் வாங்க வேண்டும். பகல் முழுக்க நடந்து கால் லேசாக உப்பியிருக்கும். காலையில் போட்டுப் பார்த்து வாங்கினால் ஓடும்போது விரல் நசுங்கும். இதை எனக்குச் சொன்னவர் என் சகலை, மனைவியின் தங்கை கணவர். நீங்கள் விசாரிப்பது அவரைப் பற்றி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன் ஐயா.

ஓட ஆரம்பித்தது முதலில் நான். இது பதிவாக வேண்டும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுநாளே பூங்காவில் இறங்கிவிட்டேன். முதல் நாளே நான்கு கிலோமீட்டர். ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினேன். மூன்று வாரத்தில் நான்கு கிலோ குறைந்தது. நான்காவது வாரம் முழங்கால் வீங்கியது. அடுத்த இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ ஏறியது. மாமியார் வீட்டில் இதை ஒரு நகைச்சுவைத் துணுக்கு மாதிரி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் சகலை ஆரம்பித்தார். தொண்ணூற்றிரண்டு கிலோ ஆள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பார்க்கப் பரிதாபமாக இருக்கும். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிறவர்கள் கூட அவரைத் தாண்டிப் போவார்கள். எதையும் ஒதுக்கவில்லை, எல்லாவற்றையும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டார். வாரம் அரைக் கிலோ. நான்கு மாதத்தில் எண்பத்து நான்குக்கு வந்துவிட்டார். எழுபத்தாறில் நிறுத்திக்கொள்வதாகத் திட்டம்.

குறைந்ததில் எனக்கு ஒன்றுமில்லை. அவர் பேச ஆரம்பித்தார், அதுதான் சங்கடம். மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "குறைக்கிறது பெரிசில்லண்ணா, குறைச்சதைக் காப்பாத்தணும். அதுக்கு அவசரமே ஆகாது" என்பார். குரலில் கேலி துளியும் இருக்காது. கேலி செய்திருந்தால் பரவாயில்லை. மாமியார் அவர் தட்டைப் பெருமையாகப் பார்ப்பார். என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைப்பார். வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி பேசாமல் வருவாள். அவள் பேசாமல் வந்தால் என்ன அர்த்தம் என்று பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியும்.

என் தொழில் தராசு பழுதுபார்ப்பது. கடைத் தராசு, கிடங்குத் தராசு, ஆஸ்பத்திரிகளில் ஆள் நிற்கும் எடை மெஷின், எல்லாம் என் கைக்கு வரும். எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்து, அரசாங்க முத்திரைக்கு அனுப்புவேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு புகார் கிடையாது. சகலை வீட்டில் இருந்த மெஷினும் நான் பரிசாகக் கொடுத்ததுதான். பேட்டரி போட்டதெல்லாம் நேரத்துக்கு ஒன்று பேசும், முள் வைத்ததை நம்பு என்று சொல்லிக் கொடுத்தேன். அவரும் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அவர் வீட்டுக்குப் போவோம். அவர் ஓடிவிட்டு வந்து, குளித்து, அதன்பின் மெஷினில் ஏறுவார். வாரத்துக்கு அந்த ஒரே தடவை. மெஷின் பால்கனியில் ஷூ அலமாரிக்குப் பக்கத்தில் கிடக்கும். அவர் குளிக்கும் நேரம் பத்து நிமிடம். அக்காவும் தங்கையும் சமையலறையில் இருப்பார்கள்.

அந்த மெஷினின் வயிற்றில், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஒரு நட்டு உண்டு. அதைக் கால் சுற்று திருப்பினால், சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்திலேயே நிற்கும். ஆள் ஏறினால் மட்டும் கூட்டிச் சொல்லும். வெளியே தெரியும் திருகைத் தொட்டால் முள் பூஜ்யத்திலிருந்தே நகர்ந்து காட்டிக்கொடுக்கும். அதெல்லாம் தெரியாதவன் செய்கிற வேலை.

அவர் எண்பத்திரண்டுக்கு வந்திருந்தபோது தொடங்கினேன். முதல் ஞாயிறு கால் சுற்று. அந்த வாரம் அவர் எடை குறையவில்லை. மறுவாரம் இன்னொரு கால் சுற்று. எண்பத்திரண்டையே காட்டியது, அதற்குப் பிறகு அதை அங்கேயே நிறுத்தி வைத்தேன். சாதாரண மனிதன் இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம் பார்ப்பான். முள் அசையவில்லை என்றால் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு மனிதனாக வாழ்வான். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். இதைவிடக் குறைந்த காரணத்துக்கு நான் விட்டிருக்கிறேன்.

அவர் விடவில்லை. அது அவருடைய பிடிவாதம். நடையை விட்டு முழு ஓட்டத்துக்கு மாறினார். காலையில் ஓடியது போதாது என்று சாயங்காலமும் ஓடினார். அவசரமே ஆகாது என்று எனக்குப் பாடம் எடுத்தவர் ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்தினார், பிறகு இன்னொரு வேளையையும் பாதியாக்கினார். பேச்சு நின்றுவிட்டது. சாப்பாட்டு மேஜை அமைதியாக இருந்தது. மாமியார் கூட ஒருநாள், உங்க உடம்புதான் உடம்பு மாப்பிள்ளை என்று என்னிடம் சொன்னார்.

கொழுந்தியாளுக்கு மட்டும் சந்தேகம். "பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது மாமா, மெஷின் மட்டும் அப்படியே காட்டுது. கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். அவர்கள் கண்ணெதிரே மெஷினைப் புரட்டிப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நிற்கிறதே என்று காட்டினேன். கொழுப்பு கரைந்து தசை ஏறுகிறது, தசைக்குக் கனம் அதிகம் என்றேன். நீயே ஏறிப் பாரேன் என்றும் சொன்னேன். அவள் ஏறமாட்டாள் என்று தெரியும். அதில் ஏறி மனசைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்பது அவள் வழக்கமான பேச்சு. சகலை அவளை அதட்டினார். "அண்ணாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

தொழிலுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர்.

நான் திருப்ப ஆரம்பித்த ஐந்தாவது மாதம் அவர் மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டார் என்று போன் வந்தது. பழம் வாங்கிக்கொண்டு போனேன். கன்னம் ஒட்டி, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். "இன்னும் ஆறு கிலோண்ணா, அப்புறம் நிறுத்திடுவேன்" என்றார். அன்றும் அவர் குளிக்கப் போனார். அன்றும் திருப்பினேன்.

அப்போது அவருடைய உண்மையான எடை என்ன என்று கேட்கிறீர்கள். அறுபத்து மூன்று. எனக்கு ஒவ்வொரு வாரமும் தெரியும். எத்தனை திருப்புக்கு எவ்வளவு கூடும் என்று தெரியாமல் நான் நட்டில் கை வைப்பதில்லை. ஆறடி மனிதர் அறுபத்து மூன்று கிலோ.

ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். ஈரத் தலையோடு வந்து மெஷினில் ஏறுவார். குனிந்து பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த முகத்தோடு நான் வருடக்கணக்கில் இருந்திருக்கிறேன். இன்னொருவரிடம் அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அந்த மயக்கத்துக்கு மூன்று வாரம் கழித்துப் பூங்காவில் விழுந்தார். இதயம் தாங்கவில்லை, உடம்பில் உப்புச்சத்தே இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். காரியத்துக்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் நான்தான் ஓடியாடிச் செய்தேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் எடை அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தது. கொழுந்தியாள் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் எண்பத்திரண்டு காட்டியதே என்று அவர்களிடம் சண்டை போட்டிருக்கிறாள். பிறகு வீட்டுக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மெஷினில் ஏறியிருக்கிறாள்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். மேஜைமேல் வைத்தாள். அழவில்லை.

"நான் அம்பத்தி நாலு கிலோ. ஆஸ்பத்திரியில போன வாரம் பார்த்தேன். இது எழுபத்தொண்ணு காட்டுது. இதை உங்களைத் தவிர யாரும் தொட்டதில்ல, மாமா."

நான் மறுக்கவில்லை. இருபது கிலோ எடைக்கல்லை எடுத்து அவள் முன்னாலேயே மெஷினில் வைத்தேன். முள் இருபத்தாறரையில் நின்றது. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆகவே, செய்தது நான்தான். தெரிந்து, ஒவ்வொரு வாரமும், என் கையால் செய்தேன். அவர் சாகலாம் என்று மாடிப்படியில் மயங்கிய அன்றே எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கத்தில் 'பழுதடைந்த எடை மெஷின்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. பழுதான மெஷினை நான் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.