மாற்றிப் போட்ட தோல்கள்

பேஸ் டிரம்முக்குத் தோல் வாங்குவது செருப்பு வாங்குவதைப் போலத்தான். போட்டு நாலு அடி நடந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. தோல் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது பிளாஸ்டிக் தாள். ஒற்றைத் தாளாகவும் வரும், இரட்டைத் தாளாகவும் வரும். மெட்டல் என்கிற அதிரடி ராக் சங்கீதம் வாசிக்க எது சரி என்று உன் தம்பி இளவழகனும் நானும் இரண்டு வருஷமாகத் தேடினோம்.

நீ கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வந்து, "நீங்க இல்லன்னா என் தம்பி இன்னா ஆயிருப்பான்ணா" என்று கண் கலங்குகிறாய், ரஞ்சனி. உட்கார். ஸ்டூலில் கிடக்கும் வயரைக் கீழே தள்ளிவிடு. நன்றியை வாங்கிக்கொள்வதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் முறை. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பேச ஓர் ஆள் கிடைத்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். அவன் வாசலில்தானே உட்கார்ந்திருக்கிறான், இருக்கட்டும்.

என் மைக்செட் கடையைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. செஞ்சியில் எந்தக் கல்யாணம், எந்தக் கூழ் ஊற்றும் திருவிழா என்றாலும் ஆதிநாராயணன் கடை ஸ்பீக்கர்தான். ஊர் முழுக்கச் சத்தம் கொடுப்பவன் வீட்டில் சத்தமே கிடையாது. என் மனைவி நீலாவதி பேரனைப் பார்த்துக்கொள்ள ஓசூருக்குப் போனாள். பேரன் இப்போது தானாகவே பள்ளிக்கூடம் போய் வருகிறான். அவள் திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சாப்டியா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன். அதோடு அந்த வாரத்துக்கான பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் உன் தம்பி தொண்டூரிலிருந்து வந்து நின்றான். இன்ஜினியரிங் முடித்தவன், தோளில் டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல் வைத்த பை. வீட்டில் வாசித்தால் மாடு மிரளுகிறது என்று உங்கள் நைனா விரட்டிவிட்டாராம். கடைக்குப் பின்னால் வேர்க்கடலை மூட்டை போட்டு வைத்திருந்த குடோன் சும்மா கிடந்தது. வாடகை வேண்டாம், மத்தியானத்தில் வாசித்துக்கொள் என்றேன். வாசித்து முடித்தால் என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பான். நான் பேசுவேன், அவன் கேட்பான். எனக்குக் கல்யாணமான புதிதில்கூட நான் அவ்வளவு பேசியதில்லை. சந்தோஷமாக இருந்தேன், ரஞ்சனி. அதைச் சொல்ல வெட்கம் இல்லை.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு ஓசை. டிரம்மோடு வந்த தோலில் தொம் தொம் என்று காலித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டினாற்போல் வந்தது. மெட்டலில் இரண்டு கால்களும் தையல் மெஷின் வேகத்தில் ஓடும். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமானால் அடியின் தலையில் 'டக்' என்று ஒரு கூர்மை வேண்டும். ஓரத்தில் வளையம் வைத்த இரட்டைத் தாள் தோல் வரவழைத்தோம். உள்ளே ஒரு பழைய தலையணையைத் திணித்தோம். முன்பக்கத் தோலில் ஓட்டை போட்டு மைக்கை உள்ளே விட்டேன். ஆம்ப்ளிஃபயரில் நடுவில் வரும் அட்டைப்பெட்டிச் சத்தத்தைக் குறைத்து, மேலே அந்த 'டக்' இருக்கும் இடத்தைத் தூக்கிவிட்டேன். ஹெட்போனில் அதைக் கேட்டதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இதாண்ணா, இதான்" என்றான். அப்படி யாரும் என்னைப் பார்த்துச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பெங்களூருவில் ஒரு பேண்ட் குழு அவனுடைய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது தை மாதம். ஆடி கழித்து நேரில் வந்து வாசித்துக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் அங்கேயே தங்கிவிடலாம் என்றார்கள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். நானும் சிரித்தேன். புதுச்சேரியிலிருந்து பெங்களூரு போகும் பஸ் நம் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நிற்கும். அவன் அதில் ஏறிவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும்தான் மிச்சம்.

ஆம்ப்ளிஃபயரில் லிமிட்டர் என்று ஒன்று உண்டு. சத்தம் அளவு மீறினால் தானாகவே அமுக்கிவிடும். அந்த வாரம் நான் அதை அணைத்தேன்.

கோபத்தில் செய்யவில்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் கடையைத் திறந்து வைத்தேன், வழக்கம்போல வியாபாரம் பார்த்தேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தினமும் நாலு மணி நேரம் வாசிப்பான். நான் வாரத்துக்கு ஒரு முறை ஹெட்போன் சத்தத்தை ஒரு கோடு ஏற்றுவேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் காதுக்குத் தெரியாது. எனக்கு இது அனுபவத்தில் தெரிந்தது. கூம்பு ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று என் இடது காது முப்பது வயதிலேயே போய்விட்டது. காது போகும்போது மொத்தமாகப் போவதில்லை. மெல்லிய கூரான ஓசைகள்தான் முதலில் போகும். அவன் தேடிய 'டக்' இருக்கும் இடமும் காது முதலில் தோற்கும் இடமும் ஒன்றுதான். அந்த இடத்தைத்தான் நான் தூக்கி வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தான். "இன்னாண்ணா, டக்கு காணோமே."

"தோலு அடி வாங்கிடுச்சுடா. மாத்திடலாம்" என்றேன்.

மாற்றினோம். சத்தத்தையும் ஏற்றினேன், 'டக்' திரும்பி வந்தது. சில வாரங்களில் மறுபடியும் காணாமல் போனது. இந்தத் தடவை தடிமனான ஒற்றைத் தாள். அப்புறம் பஞ்சு சுத்தியலை எடுத்துவிட்டு மரச் சுத்தியல். அப்புறம் அடி விழும் இடத்தில் ஒட்ட ஒரு கெட்டியான பிளாஸ்டிக் வில்லை. எல்லாம் என் செலவு, கணக்குப் பார்த்ததில்லை. கழற்றிப்போட்ட தோல் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்ப்பேன். ஒன்றுகூடக் கெட்டுப் போயிருக்கவில்லை.

ஒரு நாள் ஸ்பாஞ்சில் செய்த காதடைப்பான் வாங்கி வந்தான். நெட்டில் யாரோ போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். "அத்தப் போட்டா ஃபீல் போயிடும்டா" என்றேன். நான் சொன்னால் அவன் மறுபேச்சு பேசமாட்டான். பாக்கெட் பிரிக்காமல் அந்த மேஜை டிராயரில் கிடக்கிறது. காதுக்குள்ளே வண்டு கத்துவது போல இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னான். பழகினால் சரியாகிவிடும் என்றேன். அதுவும் பொய் இல்லை, பழகத்தான் செய்தது. ஒரு நாள் அவன் வாசித்து முடித்த பிறகு குடோன் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அன்றைக்காவது நான் நிறுத்தியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது.

ஆவணியில் பெங்களூரு போனான். பஸ் ஏற்றிவிட்டது நான்தான், ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். அங்கே ஹெட்போனில் எண்ணிக்கை சொல்லி ஆரம்பிப்பார்களாம், இவனுக்குப் பேச்சு விளங்கவில்லை. அவர்கள் ஒன்று சொல்ல இவன் வேறொன்று வாசித்திருக்கிறான். நல்ல பிள்ளைகள்தான் போலிருக்கிறது, முகம் சுளிக்காமல் அனுப்பி வைத்தார்கள். மறுநாள் வந்து, இதே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். "சத்தம் கேக்குதுண்ணா, வார்த்தைதான் புரிய மாட்டேங்குது" என்றான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு என்று மட்டும் நினைக்காதே.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான், உனக்கே தெரியும். நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது என்றார். காதுக்குப் பாதுகாப்பு ஒன்றும் போடவில்லையா என்று கேட்டார். எவ்வளவோ சொன்னேன், பையன் கேட்கவில்லை டாக்டர் என்றேன். உன் தம்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான்.

இப்போது என் கடையில்தான் வேலை செய்கிறான். காலையில் வருகிறான், இருட்டியபிறகுதான் போகிறான். பெட்டி தூக்குவதிலும் வயர் இழுப்பதிலும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. மத்தியானம் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறான். நான் பேசுகிறேன், அவன் சிரிக்கிறான். சிரிக்கக்கூடாத இடத்திலும் சிரிக்கிறான். சில நாள் பேசிக்கொண்டே இருந்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுவேன். நிறுத்தியதுகூட அவனுக்குத் தெரியாது. முன்பு தனியாக இருந்தபோது எனக்கு இவ்வளவு தனியாகத் தோன்றியதில்லை.

உன்னிடம் இப்போது சொன்ன அத்தனையையும் போன மாதம் அவனிடமும் சொன்னேன். லிமிட்டர், தோல், காதடைப்பான் ஒன்றையும் விடவில்லை. நேருக்கு நேராகப் பார்த்து நிதானமாகத்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், "டீ சொல்லட்டாண்ணா?" என்றான்.

ஏன் எழுந்துவிட்டாய். பையை எடுப்பது தெரிகிறது. அவனைக் கூட்டிக்கொண்டு போக நினைத்தால் போ, உன் தம்பி, உனக்கு உரிமை இருக்கிறது. போலீசுக்குப் போனாலும் இதையேதான் சொல்லப்போகிறேன், ஒரு வார்த்தை மாறாது. ஆனால் ஒன்றை மட்டும் நீ ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வருஷத்தில், போகாதே என்று அவனிடம் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.