மைக்குக்குப் பின்னால் ஒரு மூச்சு

— அவன் பேரை எதுக்கும்மா என் வீட்டுக்குள்ள கொண்டு வர்றே?

— வீட்டுக்குள்ள இல்ல மாமா, கம்ப்யூட்டருக்குள்ள. கம்பெனிக்காரங்க கேக்குறாங்க. இந்தப் பழைய மைக்ல அந்தக் காலத்துல யார் பதிவு பண்ணினாரோ, அவர் பேரையே, இந்த மைக் சத்தத்தைக் குடுக்கிற என் சாஃப்ட்வேருக்கு வச்சிடலாம்ங்கிறாங்க.

— கம்ப்யூட்டர் எங்க இருக்கு? என் வீட்டு மாடி ரூம்ல. அப்போ என் வீட்டுக்குள்ளதான்.

— ஏங்க, நாலு சுவத்துலயும் போர்வையை அடிச்சு, காத்து கூட நுழையாத ரூம். இதுல அவர் பேரு வந்து என்ன பண்ணப் போகுது? உட்காருங்க, மருமக வேலையைப் பார்க்கட்டும்.

— நீ பேசாதே. அந்த சோடாபுட்டி பேரைச் சொன்னாலே உனக்குக் குரல் இளகிடும். அவன் போய்ச் சேர்ந்து ஏழு வருசம் ஆச்சு, இன்னும் இளகுது.

— கேட்டுக்கம்மா. உன் மாமனார் என்னைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து பாடுற ஒரே பாட்டு இதுதான். சுருதி மட்டும் விலகவே மாட்டாரு.

— அத்தை, மெதுவா. மைக் ஆன்ல இருக்கு, எல்லாம் பதிவாகுது.

— ஆகட்டும். எனக்கு ஒண்ணு சொல்லும்மா. நான் அஞ்சாவதுக்கு மேல படிக்காதவன், விளங்குற மாதிரி சொல்லு. இல்லாத மைக்கோட சத்தத்தை இந்தப் பொட்டி எப்படிக் குடுக்கும்? எனக்கென்னமோ இது ஏமாத்து வேலையாத்தான் படுது.

— ஏமாத்து இல்ல மாமா. அந்த மைக்கை ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கினேன், இதோ இருக்கு. ஸ்பீக்கர்ல அடிக்குரல்லேர்ந்து உச்சி வரைக்கும் ஒரே சீரா ஒரு சத்தத்தை ஏத்திக்கிட்டே போய், இந்த மைக் எதைக் கூட்டிக் கேக்குது, எதை அமுக்கிக் கேக்குதுன்னு அளந்தேன். இப்போ அத்தை சாதாரண மைக்ல பாடினாலும் அந்த அளவைப் போட்டா பழைய மைக்ல பாடின மாதிரியே வரும்.

— அப்படி வா வழிக்கு. இதைத்தானே நானும் நாற்பத்திரண்டு வருசமா சொல்றேன்? இவ அவன்கிட்ட பக்கவாத்தியம் இல்லாம பாடின அந்த வெறும் குரல் பாட்டு இசைத்தட்டுல தேனா ஓடுதுன்னா அது மைக்கோட வேலை. அவன் ஒண்ணும் கிழிக்கல. இதை மட்டும் நீ நிரூபிச்சுக் குடு. அவன் பேரை வை, எவன் பேரை வேணா வை, நான் வாயைத் திறக்கல.

— அங்கதான் மாமா இடிக்குது.

— என்ன இடிக்குது?

— மைக்கை அச்சா நகல் எடுத்துட்டேன். அத்தை குரல்ல வயசைக் கழிச்சுப் பார்த்தாலும், அந்த இசைத்தட்டுல இருக்கிற இதம் வரல. அங்க வேற ஏதோ ஒண்ணு இருந்திருக்கு.

— அது என்னன்னு நான் சொல்லட்டுமா? நானும் சொந்தமா ரூம் போட்டு இவளை வச்சுப் பதினோரு பாட்டு எடுத்தேன். ஒண்ணாவது அப்படி வந்துச்சா? எனக்குப் பாடும்போது தொண்டையால பாடினா. அங்க வேற எதாலயோ பாடியிருக்கா.

— உங்க ரூம்ல மழை பெஞ்சா கூரைத் தகரம் என்னைவிட நல்லாப் பாடும். அதோட நான் போட்டியா போட முடியும்?

— சிரிக்கிறா பாரு. இப்படித்தான் அன்னைக்கும் சிரிச்சா. ஃபிளாஸ்க்ல வெந்நீர் கொண்டு வந்து குடுப்பான் இவளுக்கு. வேற எந்தப் பாட்டுக்காரிக்காவது குடுத்தானா? நம்ம பையன் பொறந்தப்போ பார்க்க வந்து, பையன் விரலைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணு கலங்கினான். அடுத்தவன் புள்ளையைப் பார்த்து எவனுக்காவது கண்ணு கலங்குமா?

— அவருக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. ஃபேன் காத்து பட்டாலே கலங்கும்.

— எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பா.

— மாமா, நான் சொல்ல வந்ததை முடிச்சுக்கிறேன். இந்த மைக்குக்கு ரெண்டு முகம். முன்னாடி கேக்குற மாதிரியே பின்னாடியும் கேக்கும். பக்கவாட்டுலதான் செவிடு. அதனால பின்னாடி என்ன இருக்குங்கிறதைப் பொறுத்துக் குரல் மாறும். நேத்து சும்மா ஒரு தலகாணியைப் பின்னாடி நிக்க வச்சு அத்தையைப் பாடச் சொன்னேன். பாதி இதம் வந்துடுச்சு. அப்புறம் உங்க பையனைக் கூப்பிட்டு அந்த இடத்துல நிக்க வச்சேன். அப்படியே இசைத்தட்டு மாதிரி வந்துடுச்சு.

— அதனால?

— அந்தப் பாட்டு பாடும்போது மைக்குக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்னிருக்கார். அத்தை முகத்துக்கு நேரா. ஒரு முழம் கூட இருக்காது.

— என்னை ஏங்க அப்படிப் பார்க்குறீங்க? புள்ளை சொல்றதைக் கேளுங்க.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லும்மா. இன்னும் என்ன இருக்கு?

— இதைக் கேளுங்க மாமா. கடைசியில அத்தை ஒரு சொல்லை நிறுத்தாம இழுக்குறாங்க. அந்த இழுப்புக்கு நடுவுல… இதோ.

— மூச்சு.

— ஆமா. பாடிக்கிட்டே மூச்சு இழுக்க யாராலயும் முடியாது. இது அத்தையோடது இல்ல. அந்தப் பக்கம் நின்னவரோடது. பாட்டு முழுக்க அடக்கி வச்சிருந்து, முடியாம ஒரே ஒரு தடவை இழுத்திருக்கார்.

— பேரை வைம்மா. தாராளமா வை. கொட்டை எழுத்துல வை.

— மாமா…

— இல்ல, நான் சொல்லிடுறேன். யார்கிட்டயும் சொல்லாதது. நான் அப்போ அந்த ஸ்டூடியோல ஒயர் சுத்துற ஆளு. சேர்ந்து ரெண்டு மாசம். அன்னைக்குத்தான் இவளை முதல்ல பார்க்குறேன். மைக் ஸ்டாண்டுல மரை தேஞ்சு மைக் தலை தொங்கிப் போச்சு. அவன் மெஷின் ரூம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு, ஒத்திகை முடியிற வரைக்கும் கையால பிடிச்சு நில்லு, அசையாதேன்னான். நின்னேன். ஒத்திகை முடிஞ்சுது. ஓடிப் போய்ப் புதுத் திருகாணி வாங்கிட்டு வான்னு என்னை வெளிய அனுப்பினான். ஒரு கடையில அந்த அளவு இல்ல, ரெண்டாவது கடைக்கு ஓடினேன். வந்து பார்த்தா பாட்டு எடுத்தாச்சுங்கிறான். இவ செருப்பை மாட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்குறா. நான் இல்லாத நேரத்துல அந்த மைக்கை எவன் கையில பிடிச்சுக்கிட்டு, இவ முகத்துக்கு நேரா நின்னான்? எப்பவும் சந்தேகம்தான் எனக்கு. இன்னைக்கு உன் கம்ப்யூட்டர் சாட்சி சொல்லிடுச்சு.

— இருங்க மாமா. அவர் மைக்கைப் பிடிச்சிருந்தா, அடுத்த ரூம்ல மெஷினை யார் பார்த்தாங்க?

— அதை இவளைக் கேளு.

— அவர் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லம்மா. சத்தத்துக்குத் தக்க மீட்டர் ஊசி ஏறி இறங்குறதைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

— அப்போ மூணாவதா ஒருத்தனா? அது யாரு, அதையும் சொல்லிடு. ஒரேயடியா தலை முழுகிடுறேன்.

— அத்தை, தெரிஞ்சா சொல்லிடுங்களேன். இத்தனை வருசம் ஏன் சொல்லாம இருந்தீங்க?

— இவருக்கே தெரியும்னுதானேம்மா நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாளாவது அந்தப் பாட்டை எப்படி எடுத்தீங்கன்னு கேட்டிருந்தா பேச்சு வந்திருக்கும். ஏன் சிரிச்சே, எதுக்குச் சிரிச்சேன்னுதான் கேட்டாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

— சரி, கேக்குறேன். இப்போ கேக்குறேன். எப்படி எடுத்தீங்க?

— நான் அன்னைக்கு ஒரே ஒரு தடவைதாங்க பாடினேன். புது ஆள், டேக், நிஜப் பதிவுன்னு சொன்னா கை நடுங்கும்னு உங்ககிட்ட மட்டும் ஒத்திகைன்னு சொல்லி வச்சாரு. உங்க முதுகுக்குப் பின்னாடி, பதிவு ஓடுறப்போ எரியிற சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நீங்கதான் என் முகத்தை விட்டு வேற எதையும் பார்க்கலையே.