எண்ணாத நொடிகள்

“உங்க முதல் கல்யாண டிவிடியைப் போடுங்க, பாக்கணும்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஆட்டோவிலேயே வீணாவிடம் அவள் அம்மா சொல்லியிருந்தாள். வீணா யாரா? நம் சிந்துவின் பெரியம்மா மகள். விளக்கை அணைத்தாயிற்று அல்லவா... நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

இரவு ஏழு மணி. மழை விட்ட நேரம். காக்ஸ் டவுன் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு தெரு... நாய்கூட இல்லை. லிங்கராஜபுரத்திலிருந்து அம்மாவும் மகளும் மாப்பிள்ளை வீடு தேடிப் போனார்கள். பெண் போய் நிற்பது வழக்கமில்லைதான். இரண்டாம்தாரத்துக்கு யார் வழக்கம் பார்க்கிறார்கள்? அந்தக் குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியவள் வீணா. வயது முப்பதைத் தாண்டியதும் அந்த டிகிரியை யாரும் மதிக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து, முகம்கூடக் கழுவாமல் வந்திருந்தாள். இன்றே சம்மதம் சொல்லியாக வேண்டும்.

மாப்பிள்ளை பிரகாஷ், டிவிடி பிளேயர்களுக்கு மென்பொருள் எழுதியவன். முதல் மனைவி ஆஞ்சலா மாடிப்படியில் வழுக்கி விழுந்து இறந்தாளாம். வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. அதனால்தான் வீணா கேட்டாள்.

அம்மா தொடையில் கிள்ளினாள். “வாய மூடுடி.”

“பரவால்ல ஆன்ட்டி, பாக்கட்டும்,” என்றான் பிரகாஷ்.

பழைய டப்பா டிவி. அறையில் ஈரத்துணி வாடை. பிளேயரின் முகப்பில் பச்சை எண்கள் நொடிகளைக் காட்டி ஓடின. திரையில் ஆஞ்சலா வெள்ளைப் புடவையில் நடந்து வந்தாள்... எண்கள் நின்றன. படம் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது, நேரம் மட்டும் நகரவில்லை. கேமரா விருந்தாளிகள் பக்கம் திரும்பியது. நேரம் ஓடியது. மறுபடி ஆஞ்சலா. நின்றது.

“டைம் ஏன் நிக்குது?”

“நிக்காதுங்க, நான் எழுதுன கோட். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் டிவிடிலேர்ந்து நேரம் படிச்சா சிப் தாங்காது. ஆரம்பத்துல ஒரு தடவ படிச்சுட்டு, மீதிய எண்ணிக்கிட்டே போகும்.” பெருமையாகச் சிரித்தான். “தேவையில்லாதத எண்ணவே எண்ணாது.”

படம் முடிந்தது. திரை கறுத்தது. டிவிடி மட்டும் உள்ளே ர்ர்ர்... என்று சுற்றிக்கொண்டிருந்தது. கறுத்த கண்ணாடியில் சோபா தெரிந்தது. ஓரத்தில் அம்மா, இன்னொரு ஓரத்தில் பிரகாஷ், நடுவில் வீணா.

எண்கள் நின்றிருந்தன.

வீணா எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். அவள் பிம்பம் கண்ணாடியை விட்டு நகர்ந்தது... எண்கள் ஓடின. திரும்பி வந்து உட்கார்ந்தாள். நின்றன.

எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்து எழுந்த அலுப்பு அவளுக்கு. பயப்படக்கூடத் தெம்பில்லை. பையை எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள்.

“சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடி!” அம்மாவின் குரல் உடைந்தது.

“முடியாதும்மா. நீயும் வா.”

பிரகாஷ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து பிளேயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்ப பாருங்க ஆன்ட்டி, சரியா ஓடுது.”

வீணா கேட்டைத் தாண்டியிருந்தாள்.