பத்து மணி மூட்டை

காப்பியை நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பேன். எதிலும் பதறுவது என் சுபாவத்தில் இல்லை. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் சார், நிதானமாகவே எழுதுகிறேன்.

என் பெயர் சகாயசெல்வி. வீடு வானூரில். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நானும் இரண்டு கம்ப்யூட்டரும்தான். முதலாளி வெங்கடாசலத்தின் உப்பளங்களில் பதினொரு மோட்டார் கொட்டகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் நான்கு ப்ரோக்ராம்கள் ஓடும். அதில் ஒன்றின் வேலை, மோட்டாரில் கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பது. கசிந்தால் மோட்டாரை அதுவே நிறுத்திவிடும். முன்பு அந்த வேலைக்கு இருந்த பிரேக்கர் உப்புக்காற்றில் அடிக்கடி விழுகிறது என்று முதலாளி கழற்றிப் போட்டுவிட்டார். “அதான் உன் பெட்டி இருக்குதே” என்றார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ப்ரோக்ராமும் சில சமயம் நின்றுபோகும். எது நின்றாலும் முதலாளிக்கும், எனக்கும், அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் மெசேஜ் போகும். ஏழாம் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் மலர்கொடி. அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எங்கள் மெசேஜுக்கு மட்டும் அவர் போனில் கோயில் மணிச் சத்தம் வைத்துக் கொடுத்தேன்.

“மணி அடிச்சா பைப்பு பக்கம் போகாதீங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு எனக்கு போன் போடுங்க. அடிக்கலன்னா ஒண்ணும் பயமில்ல” என்றேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னார்.

கடற்கரையில் சிக்னல் போய்ப் போய் வரும். போகும்போதெல்லாம் ப்ரோக்ராம் நின்றதாக ஆபீஸ் சர்வரிலிருந்து மெசேஜ் கிளம்பிவிடும். ஒரே நாளில் முந்நூற்று நாற்பது வந்தது. முதலாளி தன் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“ஏம்மா, நாம உப்பையே மூட்டை கட்டித்தான் அனுப்புறோம். இத மட்டும் ஏன் ஒண்ணொண்ணா அனுப்பி உயிர வாங்குற?”

நியாயமான கேள்விதான். வரும் தோல்விகளைச் சர்வரில் சேர்த்துவைத்து ஒரே மெசேஜாக அனுப்பும்படி மாற்றினேன். முதலில் பத்து நிமிடத்துக்கு ஒரு மூட்டை. பிறகு மணிக்கு ஒன்று. கடைசியில் காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு என்று நின்றது. கசிவு பார்க்கும் ப்ரோக்ராமை மட்டும் மூட்டையில் சேர்க்காமல் விடலாமா என்று யோசித்தேன். ஆனால் அதிகம் கத்தியதே அதுதான். அவசரம் என்றால் தனியாக அனுப்ப என் திரையில் ஒரு பொத்தான் வைத்துக்கொண்டேன்.

இந்த மாற்றத்தை மலர்கொடியிடம் சொல்லவில்லை. “மணி இப்பல்லாம் எப்பவோதான் அடிக்குது, நல்லா ரிப்பேர் பண்ணிட்டம்மா” என்று அவரே ஒருநாள் சொன்னார். நான் சிரித்தேன்.

அந்தப் புதன்கிழமை, ஏழாம் கொட்டகையில் கசிவு பார்க்கும் ப்ரோக்ராம் காலை ஆறு பன்னிரண்டுக்கு நின்றது. ஆறு நாற்பதுக்குத் திரையில் பார்த்தேன். அதற்கு முந்தின ஒரு வாரத்தில் மட்டும் பத்தொன்பது முறை அது பொய்யாக நின்றிருக்கிறது. பத்தொன்பது முறையும் இரண்டு நிமிடத்தில் தானாக எழுந்துகொண்டது. இந்த முறை எழவில்லை. இது சிக்னல் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இதுவரை யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஆனால் பதினொரு மணிக்கு வேதாரண்யத்திலிருந்து நான்கு உப்பள முதலாளிகள் என் பெட்டியை வாங்குவது பற்றிப் பேச வருவதாக இருந்தது. மூட்டைக்கு வெளியே ஒரு மெசேஜ்கூடப் போகாமல் அறுபத்தோரு நாட்கள் ஓடியிருந்தன. நாளுக்கு ஒரு பச்சைக் கட்டம் போட்டு அவர்களுக்காகப் படம் செய்து வைத்திருந்தேன். அழுத்தினால் அன்றைய கட்டம் சிவப்பாகும். கசிவைப் பார்ப்பதுதானே நின்றிருக்கிறது, கசிகிறது என்று யார் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். காப்பி ஆறியிருந்தது, குடித்தேன்.

உப்பளத்தில் எட்டு மணி வாக்கில் சாப்பிடக் கரையேறுவார்கள். கால் முழுக்க உப்பு அப்பியிருக்கும், வெடிப்பெல்லாம் எரியும். மோட்டார் தண்ணீர் விழும் இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகக் கழுவுவார்கள். நானும் அந்தப் பைப்பைப் பிடித்துக் கழுவியிருக்கிறேன்.

எட்டு இருபதுக்கு ஏழாம் கொட்டகையின் கரண்ட் அளவைக் காட்டும் கோடு திரையில் ஏறியது. நாற்பது விநாடி மேலேயே நின்றது. யாரோ பைப்பைப் பிடித்திருக்கிறார்கள் என்று புரிந்தது. பைப்பைச் சுற்றி இன்னும் ஐந்தாறு பெண்கள் நிற்கும் நேரம் என்பதும் தெரியும். ஆனால் இப்போது அழுத்தினால், ஆறு நாற்பதுக்கு ஏன் அழுத்தவில்லை என்று கேள்வி வரும். கையை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு யாரோ மெயினை இறக்கியிருக்கிறார்கள், கோடு கீழே வந்தது.

பத்து மணிக்கு மூட்டை போனது. நாற்பத்திரண்டு தோல்விகள். ஏழாம் கொட்டகை பதினேழாவது வரி. கரையில் கிடந்த சாப்பாட்டுப் பைக்குள் மலர்கொடியின் போன் மணி அடித்திருக்கும், கேட்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வேதாரண்யத்துக்காரர்கள் அன்று வரவில்லை, அடுத்த வாரம் வந்தார்கள். படம் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

சாவுக்குப் போயிருந்தேன். மலர்கொடியின் மகள் தமிழ்நிலா, பிளஸ் டூ படிக்கிறவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அம்மா மணி அடிச்சத கேக்காம விட்டுடுச்சா?”

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “ஆமாம்மா, காத்துல கேட்டிருக்காது” என்றேன். முதலாளியும் எல்லோரிடமும் அதையே சொன்னார். மணி அடித்தும் பைப்பைப் பிடித்தாள் என்றுதான் ஊரில் பேச்சு. அம்மா மேல் உள்ள கோபத்தில் தமிழ்நிலா போட்டோவுக்குப் பூ வைக்க மாட்டேன் என்கிறாளாம்.

நீங்கள் அந்தப் போனில் மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்துவிட்டீர்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆறு நாற்பதுக்கும் தெரியும், எட்டு இருபதுக்கும் தெரியும். தெரிந்துதான் அனுப்பவில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் சார். மலர்கொடிக்கு நான் தகவலே சொல்லவில்லை என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருக்கிறார். அது தவறு. பத்து மணிக்குச் சொன்னேன். அவர் போனுக்குக் கிடைத்துவிட்டது என்று சர்வரில் பதிவு இருக்கிறது.