இலையைப் பிடிச்ச கை

ஆமா மக்ளே, இந்த ஏத்தன் வாழைதான். லிஜின் படம் எடுத்ததெல்லாம் இந்த வரிசையிலதான். உனக்கு முன்ன உங்க காலேஜுல இருந்து வந்தானே, அவன்தான். வாரா வாரம் வருவான். இலைக்கு அடியில வெள்ள அட்டைய வச்சு போன்ல படம் எடுப்பான். பொறவு அதே இலைய நறுக்கி கவர்ல போட்டுக்கிட்டுப் போவான். லேப்புல அத ஒணக்கிப் பொடிச்சு, ஆசிட்டுல வேவிச்சு, நைட்ரஜன் எவ்வளவு இருக்குன்னு பாப்பாவளாம். படத்துல உள்ள பச்சைய வச்சு போனே அதச் சொல்லீட்டா, வெவசாயி லேப்புக்கு அலையாண்டாம், யூரியாவ அள்ளிக் கொட்டவும் வேண்டாம். உனக்குத் தெரியாததா? அவன் சொன்னதச் சொல்லுகேன், கேட்டியா.

சாயாவக் குடி, ஆறிரும்.

எங்க கொட்டாரம் ஊருக் காத்து தெரியும்லா? இலைய நிக்க விடாது. அதனால எங்க வீட்டுக்காரரு சத்தியநேசன் இலையயும் அட்டையயும் சேத்துப் புடிச்சுக்கிடுவாவ. எல்லாப் படத்துலயும் அவிய கை கெடக்கும். விரல மாத்துங்க மாமாம்பான் லிஜின். மாத்தினா இலையும் பறக்கும், உன் படிப்பும் பறக்கும்டேன்னு சொல்லுவாவ.

ஒருநாளு கவரும் இல்லாம அட்டையும் இல்லாம பைக்குல வந்து நிக்கான். மாமி, லேப்பும் போனும் ஒண்ணாச் சொல்லுது, இலையில நைட்ரஜன் ஏறியிருக்குங்கான். நல்லதுதானடேன்னேன். போன நீட்டுகான். முதல்ல எடுத்த படம், கடைசில எடுத்த படம். இலை வரவரப் பச்சை. புடிச்ச கை வரவர மஞ்சள். வெயிலு கூடினாலும் கொறஞ்சாலும் நெறத்தச் சரியா எடுக்கத்தான் அந்த வெள்ள அட்டையாம். அப்பம் வெயிலு மேல குத்தம் சொல்ல முடியாதுன்னான்.

கூடவே இருந்த எனக்குத் தெரியலியான்னு கேக்கியா? தெனமும் பாக்குற ஆளுதானே மக்ளே. கொஞ்சங் கொஞ்சமா மாறினா எப்பிடித் தெரியும்?

அவிய ஒத்துக்கிடல்ல. வாழக்கறைன்னு சொல்லி சவுக்காரம் போட்டுத் தேய்ச்சாவ. லிஜின்தான் புடிச்ச புடியா நாகர்கோயிலுக்குக் கூட்டீட்டுப் போனான். பித்தக் குழாயில கட்டி. ஆப்பரேசன் முடிஞ்சு, அடுத்த வாழை நட்டு, அது கொலை தள்ளுறது வர நல்லாத்தான் இருந்தாவ.

இப்பமா? ஈஸ்டருக்கு முந்தின வாரம் அடக்கம் பண்ணியாச்சு. பெட்டிப் பக்கத்துல வைக்க ஒரு படம் இல்ல. போட்டோன்னாலே ஓடி ஒளியக்கூடிய ஆளு. ஆதார் படத்தப் பெருசாக்கினோம். அதுல என்னமோ களவாணி மாதிரி முழிக்காவ.

லிஜின்ட்ட போன்ல கேட்டேன். அவன் எடுத்ததெல்லாம் உங்க காலேஜு கம்ப்யூட்டர்ல கெடக்குன்னான். ஒண்ணு ரெண்டு எனக்கு அனுப்பித் தருவியா மக்ளே? மஞ்சளாவதுக்கு முன்ன எடுத்தது. இலைய வெட்டிரு, அது இங்க நெறைய நிக்கு. கை மட்டும் போதும்.